உப்பும் மணலும் படியும் ஊரில் பைக் செயினைக் காப்பது

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் முள்ளக்காட்டை நெருங்கும்போதே உப்பளங்கள் தொடங்கிவிடும். பழையகாயல், ஆறுமுகநேரி என்று வழிநெடுக விட்டுவிட்டு அவை தொடரும். உப்பு ஏற்றிய லாரிகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே போகும். பின்னால் வரும் பைக்கின் அடிப்பாகம் முழுவதும் அது தெறிக்கும். திருச்செந்தூரிலிருந்து மேற்கே காயாமொழி, குதிரைமொழி பக்கம் திரும்பினால் தேரிக்காடு. அங்கே உப்பு இல்லை, செம்மணல். ஆனியிலும் ஆடியிலும் மேல்காற்று வீசும்போது அந்த மணல் சாலையின் குறுக்கே ஓடும். வேலை நிமித்தமாக இந்த இரண்டு பகுதிகளிலும் பல ஆண்டுகளாக 150 சிசி பைக்கில் அலைந்துகொண்டிருக்கிறேன். ஒரு செயின் இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வரும் என்று வெளியூர் நண்பர்கள் சொல்லும் கணக்கு இங்கே செல்லாது.

செயினைத் தேய்ப்பது தூரத்தைவிட, அதற்குள் நுழையும் துகள்தான் என்பது இந்தச் சாலைகளில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம். அதனால் துடைப்பதுதான் பராமரிப்பின் பெரும்பகுதி. எண்ணெய் இடுவது அதன் கடைசியில் வரும் சிறு வேலை. நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். செயின் சத்தம் போட்டால் துடைக்காமலேயே அதன்மேல் எண்ணெய் ஊற்றிவிட்டுக் கிளம்புகிறோம். எண்ணெயில் ஊறிய மணல், பட்டறையில் வால்வு தேய்க்கப் பயன்படும் பசையைப் போலத்தான் வேலை செய்யும்.

இது ஏன் என்று விளங்க, செயினின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இன்று நம் பைக்கில் இருக்கும் ரோலர் செயினுக்கு 1880இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் காப்புரிமை பெற்றார். அடிப்படை அமைப்பு இன்றுவரை மாறவில்லை. வெளித்தகடுகள் இரண்டையும் பின் எனப்படும் சிறு உலோகத் தண்டு இணைக்கிறது. அந்தப் பின், புஷ் எனப்படும் சிறு குழாய்க்குள் திரும்புகிறது. புஷ்ஷின்மேல் ரோலர் உருள்கிறது. பற்சக்கரத்தின் பல்லைத் தொடுவது ரோலர்; ஆனால் உண்மையான தேய்மானம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையே நடக்கிறது.

"செயின் நீண்டுவிட்டது" என்று சொல்கிறோம். தகடுகள் இழுபட்டு நீள்வதால் அப்படி ஆவதில்லை. 120 கண்ணி உள்ள ஒரு செயினில் ஒவ்வொரு பின்னிடத்திலும் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தால் மொத்தம் 12 மில்லிமீட்டர் நீளம் கூடிவிடும். தலைமுடியின் தடிமன் அளவுக்கான அந்தத் தேய்மானமே செயினைத் தொளதொளக்க வைக்கப் போதும். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே மணல் போகாமல் தடுப்பதே நாம் செய்யும் எல்லா வேலைக்கும் நோக்கம்.

உங்கள் செயின் எந்த வகை என்பதை முதலில் பாருங்கள். உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் இடையே உற்றுப் பார்த்தால் சிறு ரப்பர் வளையம் தெரிகிறதா? தெரிந்தால் அது ஓ-ரிங் செயின். எக்ஸ்-ரிங் என்பதும் அதே குடும்பம்தான். தொழிற்சாலையிலேயே புஷ்ஷுக்குள் கிரீஸ் இட்டு, அது வெளியேறாமலும் தூசி உள்ளே போகாமலும் இந்த வளையத்தால் அடைத்திருப்பார்கள். இந்த வகைச் செயினுக்கு வெளியிலிருந்து நாம் இடும் எண்ணெய் பின்வரை போகாது. ரப்பர் காய்ந்து வெடிக்காமலும், தகடுகள் துருப்பிடிக்காமலும், ரோலரும் பல்லும் உரசித் தேயாமலும் காப்பதுதான் அதன் வேலை. வளையம் இல்லாத சாதாரணச் செயினுக்கோ எண்ணெய் உள்ளே ஊறினால்தான் உயிர். அதற்கு இன்னும் அடிக்கடி எண்ணெய் வேண்டும்.

பழைய நூறு சிசி பைக்குகளில் செயின் முழுவதையும் மூடும் இரும்பு உறை இருக்கும். அழகுக்காக அதைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தேரிக்காட்டுக்கு அதைவிட நல்ல கவசம் கிடையாது. அந்த உறையில் சிறு ரப்பர் மூடி ஒன்று இருக்கும். அதைத் திறந்தாலே செயின் தளர்வைப் பார்த்துவிடலாம்.

இனி உப்பு. எங்கள் பகுதியில் பெரும்பாலோர் செயினை மண்ணெண்ணெயாலோ டீசலாலோ கழுவுகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கையும் மணலையும் அவை நன்றாக எடுத்துவிடும். ஆனால் உப்பு அவற்றில் கரையாது. பளபளவென்று கழுவி எண்ணெயும் இட்ட செயினில் மறுவாரமே செந்நிறப் புள்ளிகள் வருவதற்கு இதுதான் காரணம். நான் வழக்கமாகப் போகும் பட்டறையின் மூத்த மெக்கானிக் இதை ஒரே வரியில் விளக்கினார்: "டீசலில் உப்பு எப்படிக் கரையும் தம்பி? முதலில் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள், அப்புறம் மற்றது." அண்ணாச்சி சொன்ன அந்த வரிசையை இன்றுவரை மாற்றவில்லை.

உப்பளச் சாலையில் ஓட்டிய அன்று வீட்டுக்கு வந்ததும் ஒரு குவளை நல்ல தண்ணீரைச் செயினின்மேல் மெதுவாக ஊற்றுகிறேன். அழுத்தம் எதுவும் வேண்டாம். ஊற்றிக்கொண்டே சக்கரத்தைக் கையால் சுற்றினால் எல்லாக் கண்ணிகளிலும் படும். பிறகு துணியால் ஒற்றி உலர விடுவேன். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. நிறுத்தி வைத்த வண்டியிலும் இரவு முழுவதும் துரு வேலை செய்துகொண்டிருக்கும். அதனால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இந்த ஒன்றை மட்டும் தள்ளிப்போடுவதில்லை. கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் ஊர்களில் குடிநீரையே பயன்படுத்துங்கள்.

வாட்டர் வாஷ் கடைக்கு விட்டால், செயினுக்கு நேராகக் குழாயைப் பிடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அழுத்தத்தோடு பாயும் நீர் ரப்பர் வளையத்தைத் தாண்டி உள்ளே புகும். உள்ளிருக்கும் கிரீஸையும் வெளியேற்றும். உள்ளே போன நீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். பல கடைகளில் கழுவி முடித்த ஈரச் செயினின்மேலேயே பழைய என்ஜின் ஆயிலைத் தெளித்து அனுப்புவார்கள். அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

சுத்தம் செய்யும் முறைக்கு வருமுன் ஒரு எச்சரிக்கை. என்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு, சுற்றும் செயினில் துணியைப் பிடிக்காதீர்கள். வேகமாக வேலை முடியும் என்று பட்டறைகளில்கூடச் சிலர் அப்படிச் செய்வதுண்டு. துணியின் ஓர் இழை பல்லுக்கும் செயினுக்கும் நடுவே சிக்கினால் போதும், கையை விலக்க நேரம் கிடைக்காது. விரல் நுனியை இப்படி இழந்தவர்களை உங்கள் ஊர் பட்டறைகளில் விசாரித்தால் அறியலாம். என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் மட்டும் சுற்றுங்கள். துணியைக் கீழ்ப்பக்கச் செயினில் பிடித்துச் சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். அப்போது செயின் பின் பற்சக்கரத்திலிருந்து விலகி முன்னோக்கி ஓடும். துணி பல்லுக்குள் இழுபடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால், சுற்றும் சக்கரத்தை அவர்கள் விளையாட்டாகப் பிடிக்க வரக்கூடும். அந்த நேரத்தில் அருகில் விடாதீர்கள்.

சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் வேலை எளிது. இப்போது வரும் பல வண்டிகளில் அது கிடையாது. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்ட் வாங்கிக்கொள்ளலாம். அது இல்லையென்றால், வண்டியைச் சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, தெரியும் பகுதியை முடித்துவிட்டு, கொஞ்சம் உருட்டி அடுத்த பகுதியைச் செய்யலாம். நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

கழுவுவதற்கு மண்ணெண்ணெய்தான் என் முதல் தேர்வு. ஓ-ரிங்கையும் அது கெடுப்பதில்லை. ரேஷனில் அது அரிதாகிவிட்டதால் டீசல் பயன்படுத்துகிறேன். டீசல் எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும் என்பதால் கூடுதலாகத் துடைக்க வேண்டும். கடையில் கிடைக்கும் செயின் கிளீனர் வாங்கினால் ஓ-ரிங்குக்கு ஏற்றது என்று அதில் எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். பெட்ரோலும் பெயின்ட் தின்னரும் கூடவே கூடாது. அவை ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. கம்பி பிரஷும் வளையத்தைக் கிழித்துவிடும். பழைய டூத் பிரஷ் ஒன்று போதும். நான்கு பக்கமும் தேய்க்க வேண்டும்: வெளிப்பக்கம், உள்பக்கம், மேல், கீழ். நமக்கு எதிரே தெரியும் வெளிப்பக்கத்தை மட்டும் தேய்த்துவிட்டு நிறுத்திவிடுவது பொதுவான பழக்கம். சக்கரத்தை ஒட்டியிருக்கும் உள்பக்கத்தில்தான் அழுக்கு அதிகம் சேர்ந்திருக்கும்.

துடைக்க பனியன் வேஸ்ட்டைவிட நல்ல பொருள் இல்லை. எண்ணெயை நன்றாக உறிஞ்சும். நூல் பிரிந்து வரும் துண்டுகளை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். துணியில் கறுப்பு ஏறுவது குறையும்வரை துடைக்க வேண்டும். இந்த ஒரு வேலையில் நான் அவசரப்படுவதே இல்லை.

எப்போதாவது ஒருமுறை முன் பற்சக்கரத்தின் மூடியையும் கழற்றிப் பாருங்கள். சில போல்ட்டுகள்தாம். தேரிக்காட்டில் ஓடிய வண்டியாக இருந்தால், உள்ளே எண்ணெயும் செம்மணலும் கலந்து கெட்டியான சேறாக அப்பியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். செயினை எவ்வளவு சுத்தம் செய்தாலும், அது ஒவ்வொரு சுற்றிலும் இந்தச் சேற்றை உரசிக்கொண்டு வந்தால் பயன் இல்லை. இங்கேதான் கியர்பாக்ஸ் ஆயில் சீலும் இருக்கிறது. அந்த இடம் புது எண்ணெயால் நனைந்திருந்தால் சீல் கசிகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் ஆளுக்கொரு கருத்து உண்டு. என் கருத்தைச் சொல்கிறேன். பழைய என்ஜின் ஆயில் வேண்டாம். என்ஜினுக்குள் தேய்ந்த உலோகத் துகளும் அமிலமும் ஏற்கெனவே அதில் இருக்கின்றன. கிரீஸை வெளியே பூசுவதும் வேண்டாம். அது உள்ளே போகாது, மணலை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். டபிள்யூ.டி.-40 ஈரத்தை விரட்டும், லேசான துருவை இளக்கும்; ஆனால் சுமையைத் தாங்கும் படலமாக நிற்காது. எஸ்.ஏ.இ. 90 கியர் ஆயிலைப் பல வண்டிகளின் கையேடுகளே பரிந்துரைக்கின்றன. விலையும் குறைவு, ஒரு லிட்டர் வாங்கினால் நெடுங்காலம் வரும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். மழை அதைக் கழுவிக்கொண்டே இருப்பதால் அடிக்கடி இட வேண்டியிருக்கும். ஆனி, ஆடியில் மணல் பறக்கும்போது மெழுகு வகை செயின் ஸ்பிரேக்கு மாறிவிடுவேன். அது உலர்ந்த படலமாக நிற்பதால் மணல் குறைவாக ஒட்டுகிறது.

எண்ணெய் இடச் சிறந்த நேரம் ஓட்டிவிட்டு வந்த உடனே. செயின் வெதுவெதுப்பாக இருக்கும். எண்ணெய் இளகி இடுக்குகளில் இறங்கும். செயினின் உள்விளிம்பில், அதாவது பற்சக்கரத்தைத் தொடும் பக்கத்தில், உள்தகடும் வெளித்தகடும் சேரும் கோட்டில் மெல்லியதாக இட வேண்டும். சக்கரம் சுழலும்போது எண்ணெய் வெளிப்பக்கமாகத்தான் தள்ளப்படும் என்பதால் உள்ளே இட்டது கண்ணிகளின் வழியாகவே வெளியே வரும். ஸ்பிரே என்றால் செயினுக்குப் பின்னால் ஓர் அட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். டயரிலோ பின் டிஸ்க்கிலோ எண்ணெய் பட்டால் அது விபத்துக்கே வழிவகுக்கும். இரவு இட்டுவிட்டுக் காலையில் ஓட்டுவது நல்லது. கிளம்புமுன் வெளியே மிஞ்சியதைத் துணியால் எடுத்துவிடுங்கள். தொட்டால் விரலில் மெல்லிய பிசுக்கு மட்டும் தெரிய வேண்டும்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை? கையேடுகள் பொதுவாக 500 கிலோமீட்டரையொட்டி ஒரு கணக்குச் சொல்லும். அது ஓரளவு சுத்தமான தார்ச்சாலைக்கான கணக்கு. தேரி மணலிலோ மழையிலோ ஓடினால் கிலோமீட்டரைப் பார்க்காமல் செயினைப் பாருங்கள். ரோலர்கள் காய்ந்து வெளுத்திருந்தாலோ, உருட்டும்போது கிரீச்சென்று சத்தம் வந்தாலோ அன்றே செய்ய வேண்டும்.

தளர்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில் நடக்கும் சேதம் செயினோடு நிற்பதில்லை. முன், பின் பற்சக்கரங்களுக்கு நடுவில் கீழ்ப்பக்கச் செயினை விரலால் மேலும் கீழும் அசைத்தால் அது நகரும் மொத்தத் தூரமே தளர்வு. பல சாலை பைக்குகளுக்கு 20 முதல் 30, அல்லது 25 முதல் 35 மில்லிமீட்டர் என்று இருக்கும். மலைப்பாதைக்கான உயரமான வண்டிகளுக்கு இன்னும் கூடுதல். உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும். சில வண்டிகளில், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலேயே ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். எந்த ஸ்டாண்டில் நிறுத்தி அளக்க வேண்டும் என்பதையும் அதில் பாருங்கள்.

செயின் ஏன் விறைப்பாக இருக்கக் கூடாது? பின்சக்கரம் மேலும் கீழும் ஆடுவது ஸ்விங் ஆர்மின் முன்முனையை மையமாகக் கொண்டு. முன் பற்சக்கரத்தின் மையம் அந்த இடத்தில் இல்லை, சற்று முன்னால் இருக்கிறது. அதனால் சக்கரம் மேலே ஏறும்போது இரண்டு பற்சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. முன் பற்சக்கரம், ஸ்விங் ஆர்மின் முன்முனை, பின்சக்கரம் ஆகிய மூன்றின் மையங்களும் ஒரே நேர்க்கோட்டில் வரும் நிலையில் தூரம் உச்சம், செயினும் மிக இறுக்கம். வெறும் வண்டியில் விறைப்பாக வைத்த செயின், பின்னால் ஒருவர் அமர்ந்து பள்ளத்தில் இறங்கும்போது நீள இடமில்லாமல் கியர்பாக்ஸின் வெளித்தண்டையும் அதன் பேரிங்கையும் இழுக்கும். சக்கரத்தின் பேரிங்கையும் விடாது. தொளதொளத்த செயின் சடசடவென்று அடித்து நம்மை எச்சரிக்கும். விறைத்த செயினோ ஓர் ஊளைச் சத்தத்தைத் தவிர வேறு அறிகுறி காட்டாமல் செலவு வைக்கும். சரியான அளவில் நிறுத்த முடியாத நிலை வந்தால், இறுக்கத்தைவிட ஓரிரு மில்லிமீட்டர் தளர்வையே தேர்ந்தெடுப்பேன். இறுக்கிய பிறகு வீட்டில் இருவரை வண்டியில் உட்காரச் சொல்லி, அப்போதும் செயின் கொஞ்சம் அசைகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

செயின் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேயாது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே பல இடங்களில் அசைத்துப் பார்த்து, மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே அளவை வைக்க வேண்டும். பின்சக்கர அச்சின் (ஆக்ஸில்) நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை முன்பின் நகர்த்தும் இரண்டு பக்க அட்ஜஸ்டர்களையும் சம அளவில் திருப்புங்கள். ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் இருபுறமும் ஒத்திருக்க வேண்டும். அதோடு பின்னாலிருந்து குனிந்து, செயின் பற்சக்கரத்துக்கு நேராக ஓடுகிறதா என்று கண்ணாலும் பாருங்கள். கோடுகளை மட்டும் முழுவதும் நம்ப முடியாது. நட்டை இறுக்கிய பின் தளர்வை மறுபடி அளங்கள், இறுக்கும்போது அளவு மாறுவதுண்டு. நட் கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் இருந்த இடத்தில் புதிய பின் போடுங்கள். பின்பக்கம் டிரம் பிரேக் உள்ள வண்டியில் சக்கரம் பின்னால் நகர்ந்ததும் பிரேக் ராடு இழுபட்டிருக்கும். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடாமல் அதையும் சரிசெய்து, பிரேக் விளக்கு சரியாக எரிந்து அணைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாலையில் இறங்க வேண்டும்.

மாற்ற வேண்டிய நேரத்தை அளந்தே அறியலாம். செயின்மேல் 428 என்று இருந்தால், முதல் இலக்கமான 4 ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு உள்ள தூரத்தைக் குறிக்கிறது: அங்குலத்தில் எட்டில் நான்கு பங்கு, அதாவது 12.7 மில்லிமீட்டர். 520 என்றால் எட்டில் ஐந்து பங்கு, 15.875 மில்லிமீட்டர். ஆக 428 செயினில் ஒரு பின்னின் மையத்திலிருந்து இருபது கண்ணி தள்ளி உள்ள பின்னின் மையம்வரை புதிதில் 254 மில்லிமீட்டர் இருக்கும். செயினை விறைப்பாக இழுத்து வைத்து, ஸ்கேலால் பல இடங்களில் அளந்து பாருங்கள். 259ஐத் தொட்டால் 2 சதவீதம் நீண்டுவிட்டது. மாற்றியே ஆக வேண்டும். உங்கள் கையேடு இதைவிடக் குறைந்த வரம்பு சொன்னால் அதுவே கணக்கு. ஸ்கேல் இல்லாத இடத்தில், பின் பற்சக்கரத்தின் கடைசி முனையில் செயினைப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பாதிப் பல்லுக்கு மேல் வெளியே தெரிந்தால் அதன் காலம் முடிந்தது. பின்களைச் சுற்றிச் செம்பொடி உதிர்வது, சில கண்ணிகள் மடங்கியபடியே நிற்பது, பற்கள் ஒருபக்கம் சாய்ந்து கொக்கியாவது ஆகியவையும் அதே செய்தியைச் சொல்கின்றன. அதற்குப் பிறகு எந்த எண்ணெயும் உதவாது.

மாற்றும்போது செயினையும் இரண்டு பற்சக்கரங்களையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் புதியதும் விரைவில் தேயும். நல்ல செயினுக்காக எங்கும் அலைய வேண்டியதில்லை. கோவையின் எல்.ஜி.பி. நிறுவனம் தயாரிக்கும் ரோலானும், அம்பத்தூரின் டி.ஐ.டி.சி. தயாரிக்கும் டயமண்டும் நம் மாநிலத்திலேயே உருவாகின்றன. தகடுகளில் நிறுவனப் பெயரும் அளவும் அழுத்தமாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள். லாக் கிளிப் போட்டு இணைக்கும் செயினாக இருந்தால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும். ஓடும்போது அறுந்த செயின் பின்சக்கரத்தைப் பூட்டலாம், என்ஜின் உறையை உடைக்கலாம்.

புதுச் செயினில் தொழிற்சாலை பூசிய கிரீஸை டீசல் விட்டுக் கழுவாதீர்கள். வெளியே பிசுபிசுப்பாகத் தெரிவதை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். முதல் சில நூறு கிலோமீட்டரில் தளர்வு சற்று வேகமாகக் கூடும். அப்போது ஒருமுறை அளந்து சரிசெய்துவிட்டால், அதன் பிறகு வெகுநாள் அப்படியே நிற்கும். கழுவிய டீசலைச் சாக்கடையிலோ ஓடையிலோ கொட்ட வேண்டாம். நான் ஒரு பழைய ஆயில் கேனில் சேர்த்து வைத்து, பழைய ஆயில் வாங்குபவர் வரும் நாளில் பட்டறையில் கொடுத்துவிடுகிறேன்.